தாயா புள்ளையா பழகுறோம்!

எந்த ஊரில் போய்க் கேட்டாலும் சரி, "இங்க சாதிப் பிரச்சனை இருக்குதா?" என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் வரும். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, நாங்க தாயா புள்ளையா பழகிட்டு இருக்கோம்." நம் தோழர்கள் பலர் இதைப் பொய் என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதைவிட நேர்மையான வாக்குமூலம் கிடையாது. தாயும் பிள்ளையுமாகத்தான் பழகுகிறார்கள். ஒரு தரப்பு எப்போதும் தாய் தகப்பன், இன்னொரு தரப்பு எப்போதும் பிள்ளை. எழுபது வயதானாலும் பிள்ளை.

இதை எழுதத் தூண்டியது, இப்போது பள்ளி கல்லூரிகளில் பரவலாக நடக்கும் 'ஆளுமை வளர்ச்சி' முகாம்கள். சேர்வராயன் மலைக்கும் அவை வந்துவிட்டன. ஏற்காட்டைத் தாண்டி மாரமங்கலம் பக்கம் மனு எழுதிக்கொடுப்பது, மாலை நேர வகுப்பு எடுப்பது என்று அலைகிறவன் நான். முகாமுக்குப் போய் வந்த பிள்ளைகள் ஒரு தாளைக் காட்டினார்கள். அதில் மூன்று வட்டங்கள், பக்கத்தில் ஐந்து கட்டங்கள் உள்ள ஒரு வரைபடம். "எனக்குள்ள அடங்கிய குழந்தை ரொம்ப அதிகமாம் சார். பேலன்ஸ் பண்ணணுமாம்" என்றான் ஒருவன். எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்த பையன் அவன்.

அந்த வட்டங்களுக்குப் பின்னால் இருப்பது டிரான்ஸாக்‌ஷனல் அனாலிசிஸ் என்ற உளவியல் முறை. தமிழில் பரிவர்த்தனைப் பகுப்பாய்வு என்கிறார்கள். கனடாவில் 1910-இல் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எரிக் பெர்ன் என்ற மனநல மருத்துவர் உருவாக்கியது. 1964-இல் வந்த அவருடைய 'கேம்ஸ் பீப்பிள் ப்ளே' உலகம் முழுக்க விற்றது. ஒவ்வொருவருக்குள்ளும் மூன்று ஈகோ நிலைகள் உண்டு என்றார் பெர்ன். பெற்றோரிடமிருந்தும் பெரியவர்களிடமிருந்தும் அப்படியே பதிந்துகொண்டது பெற்றோர் நிலை. இந்த நிமிடத்தின் உண்மையைப் பார்த்துக் கணக்குப் போடுவது வளர்ந்தவர் நிலை. சிறு வயதின் உணர்வோடு எதிர்வினை செய்வது குழந்தை நிலை. பெற்றோர் நிலைக்குள் அதட்டும் பெற்றோர், அரவணைக்கும் பெற்றோர் என்று இரண்டு. குழந்தை நிலைக்குள் சுதந்திரக் குழந்தை, அடங்கிய குழந்தை என்று இரண்டு. வளர்ந்தவரையும் சேர்த்தால் ஐந்து. எது எவ்வளவு என்று கட்டம் போட்டுக் காட்டுவதுதான் 'ஈகோகிராம்'. அது பெர்னின் சீடர் ஜான் டுசே கொண்டுவந்தது.

கருவி நல்ல கருவி. எனக்கு அதில் சண்டை இல்லை. சாதியைப் பற்றி அது தற்செயலாகச் சொல்லிவிடும் ஒரு விஷயத்தை நம் பயிற்சியாளர்கள் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதுதான் சண்டை.

பெர்னின் முதல் விதி இது: பேச்சு எந்த நிலையை நோக்கி அனுப்பப்படுகிறதோ அந்த நிலையிலிருந்தே பதில் வந்தால், உறவு தடையில்லாமல் ஓடும். பெற்றோர் குழந்தையை அதட்ட, குழந்தை அடங்கிப் பதில் சொல்ல, எந்தச் சிக்கலும் இல்லை. இது இணைப் பரிமாற்றம். அதட்டியவனிடம் எதிர்த்தரப்பு வளர்ந்தவராக நின்று "எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டால் கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. பேச்சு அந்த இடத்தில் உடைகிறது. இது குறுக்குப் பரிமாற்றம்.

இப்போது நம் 'அமைதியான' ஊர்களுக்கு வாருங்கள். பத்து வயதுப் பண்ணையார் வீட்டுப் பையன் "டேய், இங்க வா" என்கிறான். அவன் தாத்தா வயதுள்ளவர் "சொல்லுங்க சாமி" என்கிறார். பரிமாற்றம் கச்சிதமாக இணைகிறது. அம்பது வருடம் இணைந்து ஓடினால் அதற்குப் பெயர் சுமுக உறவு, தாயா புள்ளையா பழகுவது. ஒருநாள் அந்தத் தாத்தாவின் பேரன் சட்டையை இன் செய்துகொண்டு வந்து "என்ன விஷயம், சொல்லுங்க" என்கிறான். மரியாதையோடுதான் கேட்கிறான். ஆனால் நேருக்கு நேர் கேட்கிறான். அன்று ஊருக்குள் 'பிரச்சனை' வந்துவிடுகிறது. நாம் சாதிக் கலவரம் என்று படிக்கும் செய்திகளில் எத்தனை இப்படி ஒரு குறுக்குப் பரிமாற்றத்தில் தொடங்கியவை என்று யோசித்துப் பாருங்கள்.

நாங்குநேரியை எடுத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்டில் பிளஸ் டூ படித்த தலித் மாணவரை, அவரோடு படித்த ஆதிக்கச் சாதிப் பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்த மாணவர் செய்தது என்ன? தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் முறையிட்டார். முறையிடுவது சுத்தமான வளர்ந்தவர் நிலை. நடந்ததைச் சொல்வது, விதியைக் கேட்பது, அவ்வளவுதான். எல்லா முகாம்களும் எதைச் செய்யச் சொல்கின்றனவோ அதையே செய்தார். அதற்குத்தான் அரிவாள். மருத்துவமனையில் இருந்து மீண்டு தேர்வெழுதி அவர் 600-க்கு 469 எடுத்தார். அவருடைய ஈகோகிராமில் என்ன பேலன்ஸ் குறைந்திருந்தது என்று யாராவது சொல்லட்டும்.

இதையே நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு சிறுவனிடமும் பார்க்கலாம். 1901-இல் ஒன்பது வயது அம்பேத்கர் குடும்பத்துப் பிள்ளைகளோடு அப்பாவைப் பார்க்க ரயிலில் கோரேகான் பயணம் போனதை 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' நூலில் எழுதியிருக்கிறார். நன்றாக உடுத்திய பிள்ளைகள் தனியாக நிற்பதைப் பார்த்து ரயில் நிலைய மாஸ்டர் பரிவோடு விசாரிக்கிறார். அரவணைக்கும் பெற்றோர். யார் நீங்கள் என்று கேட்கிறார். மகர்கள் என்று பதில் வருகிறது. அவர் முகம் மாறிவிடுகிறது. அதன்பின் எந்த வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டி ஓட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. கேட்ட தகவலுக்கு உண்மையான தகவலைச் சொன்ன பிள்ளைதான் அங்கே வளர்ந்தவர். பரிவு திரும்பப் பெறப்பட்டது ஒரு சொல்லுக்காக.

அதட்டலை நாம் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறோம். 2023 ஜனவரியில் சேலம் பக்கத்துத் திருமலைகிரியில், கோயிலுக்குள் போன தலித் இளைஞரை ஊரார் முன்னால் நிற்கவைத்து ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர் ஆபாசமாகத் திட்டிய காணொளியை எல்லோரும் பார்த்தோம். கட்சி இடைநீக்கம் செய்தது, வழக்கும் பாய்ந்தது. ஆனால் அரவணைக்கும் பெற்றோர் வேடத்தில் வரும் சாதியை நாம் கோட்டை விடுகிறோம். 2020 பிப்ரவரியில் முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில், அன்றைய வனத்துறை அமைச்சர் ஒரு பழங்குடிச் சிறுவனை 'டேய்' என்று கூப்பிட்டுத் தன் செருப்பைக் கழற்றவைத்தார். எதிர்ப்பு வந்ததும் அவர் சொன்ன விளக்கம், பேரனைப் போல நினைத்துக் கூப்பிட்டேன் என்பது. சுற்றி அதிகாரிகள் நின்றார்கள், கட்சிக்காரர்கள் நின்றார்கள். அத்தனை பேரில் பேரனாகத் தெரிந்தது அந்தப் பழங்குடிப் பையன் மட்டும்.

எங்கள் மலையின் தோட்டங்கள் இந்த அரவணைப்பிலேயே வளர்ந்தவை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காப்பி வந்தது. அதன் பின்னால் துரை வந்தார், ரைட்டர் வந்தார், மேஸ்திரி வந்தார். 'துரைதான் எங்களுக்கு அப்பா அம்மா' என்ற பேச்சை இன்றும் வயதானவர்களிடம் கேட்கலாம். வீடு, மருத்துவம், பிள்ளைகள் காப்பகம் எல்லாம் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் உரிமையாகத் தந்தவை. லைன் வீட்டில் அவை துரையின் இரக்கமாகத்தான் வந்து சேர்ந்தன. உரிமை என்பது இரண்டு வளர்ந்தவர்களுக்கு இடையிலான ஒப்பந்தம். அதைத் தீபாவளிச் சேலையாக மாற்றிக் கொடுக்கும்போது வாங்குகிறவர் குழந்தையாகிவிடுகிறார். குழந்தை கணக்குக் கேட்கக் கூடாதல்லவா?

இதில் சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களைச் சமவெளியில் இருந்து வரும் அதிகாரியும் வியாபாரியும் சுற்றுலாக்காரரும் ஒருமையில்தான் பேசுகிறார்கள். மிளகும் பழமும் விற்கும் பாட்டியிடம் "ஏய், எவ்வளவு இது?" என்பார்கள். அதே மலையாளி மக்களிடம் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர்கள் நாங்கள் என்ற கதை உண்டு, கவுண்டர் பட்டமும் உண்டு. தோட்ட வேலைக்கு வந்த தலித் குடும்பத்திடம் பேசும்போது குரல் மாறுவதைக் காதால் கேட்டிருக்கிறேன். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது இதுதான். மேலே இருப்பவருக்குக் குழந்தை, கீழே இருப்பவருக்குப் பெற்றோர். ஒவ்வொரு படியிலும் அதட்ட ஒருவர் கிடைத்துவிடுவதால், மேலேயிருந்து வாங்கிய அதட்டல் பொறுத்துக்கொள்ளக் கூடியதாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டே சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்று ஏற்காடு. அந்த அரசியல் ஒரே குரலில் பேச முடியாமல் போவதற்கு இந்தப் படிக்கட்டும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

சரி, அந்தப் பையனின் 'அடங்கிய குழந்தை'க்கு வருவோம். மாலையில் மைதானத்தில் அவன் பந்து விளையாடுவதைப் பார்த்தால் சுதந்திரக் குழந்தைக்குக் கட்டம் போதாது. தங்கைக்கு ஸ்கூல் ஃபீஸ் கணக்குப் போடும்போது அவனைவிட வளர்ந்தவர் கிடையாது. ரைட்டர் முன்னால் மட்டும் தலை குனிகிறான். அப்படியென்றால் அடங்குவது அவன் ஆளுமையில் இருக்கிறதா, அந்த இடத்தில் இருக்கிறதா? அப்பாவின் வேலை, இருக்கும் வீடு, இரண்டும் அந்த ஒருவர் கையில் என்று தெரிந்தே குனிகிறான். என்னைக் கேட்டால் அது குழந்தை நிலையே அல்ல. உள்ளே வளர்ந்தவர் உட்கார்ந்து துல்லியமாகக் கணக்குப் போட்டு, வெளியே குழந்தை முகமூடியை மாட்டியிருக்கிறார்.

இதை எனக்கு விளங்கவைத்தவர் ஒரு பாட்டி. பழங்குடிச் சான்றிதழ் விஷயமாக மனு எழுதவேண்டும். மலையாளி மக்களுக்கு அது வருவாய்க் கோட்டாட்சியர் கையெழுத்து, அதாவது சேலத்துக்கு இறங்கி ஏறும் பிழைப்பு. 'கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்து வாசித்துக் காட்டினேன். "கால்ல விழுந்து கும்பிட்டுக் கேட்டுக்கறேன்னு போடு சாமி" என்றார். உரிமையைக் கேட்க எதற்கு ஆயா கும்பிட வேண்டும் என்றேன். "ஆபீசரு கோவிச்சுக்கிட்டு எடுத்து ஓரமா வெச்சுட்டா, மறுபடி பஸ்ஸுக்குக் காசு நீயா தருவ?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியில் எங்கே குழந்தை இருக்கிறது?

உளவியலுக்குள்ளேயே இதை உணர்ந்தவர்கள் உண்டு. பெர்னோடு வேலை செய்த கிளாட் ஸ்டைனர், மனிதர் நொந்துபோவதற்கு ஒடுக்குமுறைதான் வேர், அந்த ஒடுக்குமுறையை மறைக்கும் பொய்யும் தனிமைப்படுத்தலும் அதை நோயாக்குகின்றன என்று வாதிட்டார். இந்தியாவில் பேர்ல் டிரேகோ 1983-இலேயே 'பண்பாட்டுப் பெற்றோர்' என்ற கருத்தை எழுதினார். நமக்குள் பேசும் பெற்றோர் குரல் நம் அப்பா அம்மாவுடையது மட்டுமல்ல, ஒரு முழுச் சமூகத்தின் குரல் என்பது அதன் சாரம். பெற்றோர் நிலை வளர்ந்தவர் நிலைக்குள் கலந்துவிடுவதைப் பெர்னின் மரபில் கலப்படம் என்பார்கள். வாங்கிய முன்முடிவைத் தானே கண்ட உண்மை என்று நம்புவது அது. "அவங்களுக்குப் படிப்பு ஏறாதுங்க, நான் பார்த்திருக்கேன்" என்று ஒரு ஆசிரியர் சொன்னால் அது கலப்படம். அதற்குத்தான் சிகிச்சை தேவை. ஆனால் முகாமுக்கு அனுப்பப்படுவது மாணவன்.

அமெரிக்கத் தெற்கில் எந்த வயதுக் கறுப்பின ஆணையும் வெள்ளையர்கள் 'பாய்', அதாவது பையன் என்றே அழைத்தார்கள். 1968-இல் மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கழுத்தில் மாட்டிய அட்டையில் இருந்தது கூலித் தொகை அல்ல. 'நான் ஒரு மனிதன்' என்ற வரி. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வளர்ந்த ஆண் என்றும் பொருள். பையன் அல்ல என்று பொருள். நம்மிடம் இதற்கு இன்னும் பழைய முன்னுதாரணம் இருக்கிறது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. பெரியாரோடு பழகியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு செய்தி, அவர் சின்னப் பையன்களைக்கூட 'வாங்க' என்றுதான் கூப்பிடுவார் என்பது. பல பேர் இதை அவருடைய பணிவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். எனக்கு அது அரசியல் நடவடிக்கை. எதிரில் இருப்பவரைக் குழந்தையாக்க மறுப்பது. (நம் அமைப்புகளில் "தம்பி, உனக்கு இன்னும் வயசு பத்தாது" என்று பேசும் தலைவர்களும், பெண் தோழர்களை டீ போடச் சொல்லும் தோழர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்துப் படிக்கலாம்.)

சட்டம் இதில் பாதி தூரம்தான் வருகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள், பொதுவெளியில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதையும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதையும் குற்றமாக்குகின்றன. 'டா'வையும் 'வா போ'வையும் எந்தக் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுப்பது?

ஆகவே பயிற்சியாளர்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான். மலைக்கு வாருங்கள், மூன்று வட்டங்களையும் வரையுங்கள். பிள்ளைகளிடம் போவதற்கு முன், அந்தத் தாளை முதலில் தோட்ட ரைட்டரிடமும் அலுவலக மேசைக்குப் பின்னால் இருப்பவர்களிடமும் விடுதிக் காப்பாளரிடமும் கொடுங்கள். நேற்று யார் யாரை ஒருமையில் கூப்பிட்டீர்கள், அவர்களுக்கு என்ன வயது என்று எழுதச் சொல்லுங்கள். அந்த வரைபடங்களை மாரமங்கலத்துக்கு எடுத்து வாருங்கள். எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து படித்து மதிப்பெண் போடுவார்கள்.