பொம்மைப் படம் என்று சிரிப்பவர்களுக்கு

சின்ன வயதில் பிரெஞ்சில் படித்தேன். பிறகு முப்பத்தைந்து வருடம் ஆபீசில் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிக் காலத்தை ஓட்டினேன். இப்போது எழுபது தாண்டிய வயதில் இங்கிலாந்து டி.வி. சீரியல் ஒன்றுக்காக வரிந்து கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். கிழவனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைப்பவர்கள் நினைத்துக் கொள்ளலாம். ஆனால் முழுதும் படித்துவிட்டு நினையுங்கள்.

போன வருடம் குளிர் காலத்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். இங்கிலாந்துக் குளிரில் வெளியே தலை காட்ட முடியாது. ஒரு நாள் மாலை மாப்பிள்ளை 'டாக்டர் ஹூ' என்ற பழைய சீரியலைப் போட்டார். 1963 நவம்பரில் ஆரம்பித்து, நடுவில் சில காலம் நின்று, இன்றைக்கும் வந்துகொண்டிருக்கும் தொடர் அது. ஆனால் திரையில் ஆட்கள் இல்லை. கோட்டுச் சித்திரங்கள் நடந்தன, பேசின.

"என்ன மாப்பிள்ளை, கார்ட்டூனா?" என்றேன்.

"இல்லை மாமா. இதோட படம் அழிஞ்சு போச்சு. சத்தம் மட்டும்தான் மிச்சம். சத்தத்தை வச்சு படம் வரைஞ்சிருக்காங்க."

அழிந்து போச்சு என்ற சொல் என்னைச் சுருக்கென்று தைத்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

விவரம் கேட்டு, பேரன் உதவியோடு தேடிப் படித்தேன். 1960-களில் வந்த அந்தத் தொடரின் பகுதிகள் 253. அதில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்று இல்லை. வெள்ளத்திலோ தீயிலோ போகவில்லை. ஒளிபரப்பிய பி.பி.சி. நிறுவனமே அழித்தது. அந்தக் காலத்தில் வீடியோ டேப் இரண்டு அங்குல அகலம், யானை விலை. ஆகவே ஒன்றை அழித்து அதன்மேல் இன்னொன்றைப் பதிவு செய்தார்கள். மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தங்கள் கட்டுப்பாடு வைத்திருந்தன. கலர் வந்த பிறகு கறுப்பு வெள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற நினைப்பு வேறு. வெளிநாட்டுக்கு விற்க எடுத்த 16 மி.மீ. பிலிம் பிரதிகளையும், விற்பனைக் காலம் முடிந்ததும் கழித்துக் கட்டினார்கள். 1970-களின் இறுதியில்தான் இதற்கு ஒரு முடிவு வந்தது.

ஆனால் ஒரு பகுதியின் ஒலிகூட அழியவில்லை. எப்படி? பள்ளிக்கூடப் பையன்கள் வீட்டு டி.வி. முன்னால் மைக்கை வைத்து, "அம்மா, பேசாதே" என்று அதட்டி, ஸ்பூல் டேப்பில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். ஜான் கூரா என்பவர் ஓடிக்கொண்டிருக்கும் டி.வி. திரையையே கேமராவில் படம் பிடித்து, நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்கும் தொழில் நடத்தினார். அந்தப் படங்களும் கிடைத்தன. ஆஸ்திரேலியாவில் தணிக்கை அதிகாரிகள் குழந்தைகள் பயப்படுவார்கள் என்று வெட்டி எடுத்த சில நொடித் துண்டுகள், அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்து 1996-ல் வெளியே வந்தன. முழுப் படம் போய்விட்டது, வேண்டாம் என்று வெட்டியது மிஞ்சியது! ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் ருசி புரியும்.

இவற்றை வைத்துத்தான் ரசிகர்கள் வேலையில் இறங்கினார்கள். முதலில் ஒலியோடு புகைப்படங்களை வரிசையாகச் சேர்த்தார்கள். வெற்று வீடியோ கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் பதிவு செய்து தந்தார்கள், லாபம் கிடையாது. கம்ப்யூட்டர் வந்ததும் அசையும் சித்திரமாகச் செய்யத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் பெரிய நிறுவனம் விழித்துக்கொண்டது. 2006-ல் 'தி இன்வேஷன்' கதையின் காணாமல் போன இரண்டு பகுதிகள் அனிமேஷனாக அதிகாரபூர்வமாக வந்தன. 1966 நவம்பர் 5-ல் தொடங்கிய 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' கதையின் ஆறு பகுதிகளும் போய்விட்டவை. சரியாக ஐம்பது வருடம் கழித்து, 2016 நவம்பர் 5-ல் அது அனிமேஷனாக வெளிவரத் தொடங்கியது.

ஊருக்குத் திரும்பி, கடற்கரைச் சாலையில் நாங்கள் நாலு பேர் வழக்கமாக உட்காரும் இடத்தில் இதைச் சொன்னேன். நண்பர் ஒருவர், ரிட்டையர்ட் ஆசிரியர், சிரித்தார்.

"ஏன் சார், பொம்மை போட்டு ஏமாத்துறான், நீங்களும் உருகுறீங்க. அசல் போச்சுன்னா போச்சு. அதுவும் ஒரு டி.வி. சீரியல்! என்ன, தொல்காப்பியமா போயிடுச்சு?"

அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கோபம்தான் வந்தது. இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் "டி.வி. சீரியல்தானே" என்ற பேச்சு. எது பெரிது, எது சின்னது என்று அந்தந்தக் காலத்து ஆபீசர் முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும். அழித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. செலவைக் குறைத்த நல்ல சிப்பந்திகள். அதுதான் பயம். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், ஏனென்றால் நானும் அப்படி ஒரு நல்ல சிப்பந்தி.

1980-களில் நான் இருந்த ஆபீசில் ரெக்கார்டு ரூம் நிரம்பி வழிந்தது. பழைய பேப்பரைக் கழிக்கப் பட்டியல் போடச் சொன்னார்கள், போட்டேன். அழகான கையெழுத்தில், காலம் பிரித்து, ஒரு பிழை இல்லாமல். மேலிடம் பச்சை மையில் கையெழுத்துப் போட்டது. மூட்டை மூட்டையாகப் பேப்பர்காரர் எடை போட்டுக் கொண்டுபோனார். அதில் தினக்கூலி ஆட்களின் மஸ்டர் ரோல்களும் இருந்தன. விதிப்படி வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்தவைதான்.

ஏழெட்டு வருடம் கழித்து ஒரு பெரியவர் வந்தார். நிரந்தரம் ஆவதற்கு முன் பதினோரு வருடம் தினக்கூலியாக இருந்தாராம். அதைச் சேர்த்தால் பென்ஷன் கூடும். ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் என் பட்டியலில், எட்டாவது பக்கத்தில், 'அழிக்கப்பட்டது' என்று இருந்தது.

அவரை அனுப்பிவிட்டால் யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அவரோடு வேலை செய்த ஒருவரின் மனைவி ஒரு பிஸ்கட் டின்னில் கூலிச் சீட்டுகளைப் போட்டு வைத்திருந்தார். சிலதில் இவர் பெயரும் இருந்தது. வேறு ஆபீசுக்குப் போன கடித நகல்கள் கிடைத்தன. மேஸ்திரியின் நோட்டுப் புத்தகம் ஒன்று. எல்லாவற்றையும் கோத்து ஒரு கோப்பு செய்தேன். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் இது எங்கிருந்து வந்தது என்று எழுதினேன். மேலட்டையில் சிவப்பு மையில் 'மறுபடி தயாரித்த கோப்பு' என்று போட்டேன்.

அதிகாரி கேட்டார்: "இது ஒரிஜினலா?"

"இல்லை சார். ஒரிஜினலை நாம அழிச்சுட்டோம். இது மிச்சம்."

இரண்டு வருட இழுபறிக்குப் பிறகு எட்டு வருடம் ஒப்புக்கொண்டார்கள். மூன்று வருடத்துக்கு ஒரு சீட்டும் கிடைக்கவில்லை. அந்தப் பெரியவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த மூன்று வருடத்தைத் தின்றவன் நான் என்று அவருக்குக் கடைசிவரை நான் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

ஆகையால் "அசல் போச்சுன்னா போச்சு" என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. அந்த ஆசிரிய நண்பருக்கு இன்னொன்றும் நினைவூட்டுகிறேன். நாம் உட்காரும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நம் மேரி கட்டடம் நிற்கிறது. 2014 நவம்பரில் அது இடிந்து விழுந்தது நம் எல்லோருக்கும் தெரியும். அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அதன் முன்னால் பேரப் பிள்ளைகளை நிறுத்தி நீங்கள்தான் போட்டோ எடுத்தீர்கள், சார். அது மட்டும் பொம்மை இல்லையா?

அடுத்து, "உரிமை பி.பி.சி.யினுடையது, ரசிகர்கள் செய்வது திருட்டு" என்று சொல்கிறவர்கள். உரிமை அவர்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் சொத்தைக் காப்பாற்றாத சொந்தக்காரர், குப்பையிலிருந்து பொறுக்கி வைத்தவனைப் பார்த்துத் திருடன் என்று சொல்ல வாய் கூச வேண்டும். பையன்கள் பதிவு செய்த ஒலி இல்லாவிட்டால் அவர்கள் இன்றைக்கு விற்கும் அனிமேஷனும் இல்லை. காசு வாங்காமல் செய்பவரை விட்டுவிடுவதுதான் நியாயம். அதிகாரபூர்வப் பிரதி வந்ததும் தங்கள் பிரதியைத் தருவதை நிறுத்திக்கொண்ட ரசிகர்களும் உண்டு. அந்த நாணயம் எல்லா நிறுவனத்துக்கும் வருமா?

காப்பாற்றுவது ரசிகர் வேலையே இல்லை, சட்டத்தின் வேலை. பிரான்சில் முதலாம் பிரான்சுவா அரசர் 1537-லேயே, அச்சாகும் புத்தகத்தில் ஒரு பிரதி அரசு நூலகத்துக்கு வர வேண்டும் என்று ஆணை போட்டார். வானொலி, தொலைக்காட்சி ஆவணங்களுக்கென்று 1975 ஜனவரியில் அங்கே ஒரு தேசிய நிறுவனம் தொடங்கியது. 1992-ல் வந்த சட்டம் அந்தக் கட்டாய ஒப்படைப்பை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் நீட்டியது. அதற்கு முன் பிரெஞ்சுக்காரர்களும் எத்தனையோ தொலைத்தவர்கள்தான். ஆனால் தொலைத்தபின் சட்டம் போட்டார்கள்.

இனி என் கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ரசிகர் செய்வதெல்லாம் சரி என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. நம் ஊர்ப் பழைய பிறப்புச் சான்றிதழ்களில் 'கொப்பி கொன்ஃபோர்ம்' என்று போட்டிருக்கும். அசலோடு ஒத்த நகல் என்று பொருள். அசலைப் பார்க்காமல் அந்த முத்திரையைக் குத்தக் கூடாது. அனிமேஷன்காரருக்கும் அதே விதி. கோட்டுச் சித்திரம் தன்னைச் சித்திரம் என்று சொல்லிக்கொள்கிறது, அது நாணயம். ஆனால் இப்போது ஏ.ஐ. என்று ஒன்று வந்து, இறந்துபோன நடிகரின் புகைப்படத்தை வாயசைக்க வைக்கிறார்கள். நாளைக்குப் பேரப் பிள்ளை அதைப் பார்த்து இதுதான் 1966-ல் வந்தது என்று நம்புவான். அது மறுபடி தயாரித்த கோப்பு இல்லை, போலிக் கோப்பு. எது ஒலிநாடாவிலிருந்து வந்தது, எது புகைப்படத்தில் இருந்தது, எது வரைந்தவர் ஊகம் என்று எழுதிவிடட்டும். மேலட்டையில் சிவப்பு மை கட்டாயம்.

நகல் வந்துவிட்டதே என்று அசலைத் தேடாமல் இருக்கவும் கூடாது. நைஜீரியாவில் ஜோஸ் என்ற ஊரின் டி.வி. நிலையத்தில் ஒன்பது காணாமல் போன பகுதிகள் கிடைத்தன என்று 2013-ல் அறிவித்தார்கள். 'தி வெப் ஆஃப் ஃபியர்' கதையில் மூன்றாம் பகுதி மட்டும் கைக்கு வரவில்லை. அதற்குப் புகைப்படம் போட்டு, பிறகு 2021-ல் அனிமேஷன் செய்தார்கள். அசல் என்றாவது வந்தால் அந்த அனிமேஷன் எழுந்து இடம் விடட்டும். அதுவரை அந்த நாற்காலி காலியாக இருக்க வேண்டாம்.

மாப்பிள்ளை வீட்டில் பார்த்த அன்று, நடுவில் எங்கோ ஒரு சின்னக் கரகரப்புக் கேட்டது மாதிரி இருந்தது. அறுபது வருடத்துக்கு முன் ஏதோ ஒரு வீட்டில் மைக்குப் பக்கத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தியிருக்கலாம். என் காதின் மயக்கமாகவும் இருக்கலாம். எனக்கு அந்தப் பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது.

உங்கள் வீட்டுப் பரண்மேலும் ஒரு டின் இருக்கும். பழைய பேப்பர்காரர் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.