சந்தையில் வாங்கி, கைபேசியில் விற்று

ஈரோடு கனி மார்க்கெட்டில் ஜவுளி வாரச்சந்தை திங்கட்கிழமை இரவு களைகட்டி செவ்வாய்க்கிழமை வரை நடக்கும். கேரளம், கர்நாடகம், ஆந்திரத்திலிருந்து வரும் வியாபாரிகளை நம்பி நடக்கிற சந்தை அது. அந்தக் கூட்டத்தில் இப்போது புதிதாக ஒரு தரப்பும் சேர்ந்திருக்கிறது. கடை கிடையாது, குடோன் கிடையாது. கையில் ஒரு கைபேசி, அதில் ஒரு வாட்ஸ்ஆப் குழு, அவ்வளவுதான். சேலத்தை அடுத்த இளம்பிள்ளையின் சேலைக் கடைகளிலும் இவர்களைப் பார்க்கலாம். இவர்களில் பலர் வீட்டிலிருந்தபடியே தொழில் செய்யும் பெண்கள்.

சந்தையில் 450 ரூபாய்க்குக் கிடைக்கும் சேலையை இன்ஸ்டாகிராமில் 650-க்கு விற்கிறார்களே, இது கொள்ளையில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் கோபம் நிற்காது. 200 ரூபாய் வித்தியாசத்தில் கூரியருக்கு 80, பேருந்துக்கும் பேக்கிங்குக்கும் 40 போனால் மிஞ்சுவது 80. பத்து சேலை அனுப்பி, பணம் கொடுக்காமல் ஒன்று திரும்பி வந்தால் போக, வரக் கூரியரும் பேருந்து, பேக்கிங் செலவும் சேர்த்து 200 ரூபாய் நஷ்டம். ஒன்பது சேலையில் கிடைத்த 720-இல் அதைக் கழித்தால் கையில் நிற்பது 520. திரும்பி வந்த சேலை கசங்காமல் இருந்து, மறுபடி விலை போனால்தான் இந்தக் கணக்கும்! இரவுச் சந்தையில் நின்று பொறுக்கியெடுத்து, படம்பிடித்து, நூறு கேள்விக்குப் பதில் சொல்வதற்கான கூலி என்று பார்த்தால் இது அதிகமே இல்லை.

சந்தைக்குப் போகாமலே மறுவிற்பனை செய்த காலமும் ஒன்று இருந்தது. 2015-இல் தொடங்கிய மீஷோ இப்படித்தான் வளர்ந்தது. செயலியில் உள்ள படத்தை எடுத்து, தன் லாபத்தைச் சேர்த்து, தெரிந்தவர்களுக்கு அனுப்பினால் போதும். பிறகு அதே செயலியில் வாடிக்கையாளர்களே நேராக வாங்கத் தொடங்கினார்கள். சேலைப் படத்தைக் கூகுள் லென்ஸில் காட்டினால் அதே மாதிரி சேலை இணையத்தில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. வெறும் படத்தை மாற்றி அனுப்புவதற்கு இனி யாரும் காசு தரப்போவதில்லை. நேரில் போய்த் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறவருக்குத்தான் இடமிருக்கிறது.

வாடிக்கையாளர் காசு கொடுப்பது அந்தத் தொட்டுப் பார்த்த கைக்குத்தான் என்றால், அந்தக் கை பொய் சொல்லக் கூடாது. சிக்கல் இங்கேதான். விசைத்தறிச் சேலையின் படத்துக்குக் கீழே ‘காஞ்சிபுரம் ஸ்டைல்’ என்று போடுகிறார்கள். ‘ஸ்டைல்’ என்ற சொல் மட்டும் படத்தின் ஓரத்தில் ஒளிந்துகொள்ளும். காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம் இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. 1985-ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் கைத்தறிக்கென்று ஒதுக்கியுள்ள 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. அப்படியிருந்தும் விசைத்தறி விரிப்புகள் பவானி ஜமக்காளம் என்ற பெயரில் விற்கப்படுவது நெசவாளர்களின் நெடுநாளைய புகார். கடைவீதியில் நடந்த இந்த மோசடி இப்போது கூரியர் ஏறி ஊர் ஊராகப் போகிறது. இளம்பிள்ளைச் சேலையை இளம்பிள்ளைச் சேலை என்றே சொல்லி விற்றால் என்ன குறைந்துவிடும்? அதற்கென்றே ஒரு பெயரும் வாடிக்கையாளர் கூட்டமும் இருக்கிறதே.

‘விலைக்கு டிஎம் பண்ணவும்’, ‘ரிட்டர்ன் கிடையாது’ என்ற இரண்டு வாசகங்களையும் கைவிட்டாக வேண்டும். 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகள், குறையுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையும் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. எப்போதோ ஒருமுறை பழைய பொருளை விற்பவருக்கு அந்த விதிகள் பொருந்தாது. வாராவாரம் விற்பவர் வியாபாரிதான்.

வியாபாரியாக நடந்துகொள்ளச் சொல்லும் அரசு, அவரை வியாபாரியாக நடத்தவும் வேண்டும். ஓசூரில் இருப்பவர் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை தமிழ்நாட்டுக்குள் எந்த ஊருக்குச் சேலை விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. மின்வணிகத் தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் விற்கும் சிறு வியாபாரிகளுக்கும் 2023 அக்டோபர் முதல் இந்தச் சலுகை உண்டு. ஆனால் அதே ஓசூர்க்காரர், சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருக்கு ஒரே ஒரு விசைத்தறிச் சேலையை விற்றாலும் பதிவு கட்டாயம். கன்னியாகுமரிக்கு விற்கலாம், பக்கத்து ஊருக்கு விற்க முடியாது என்பது என்ன நியாயம்? நாடு முழுவதும் ஒரே சந்தை என்று சொல்லித்தான் 2017-இல் ஜிஎஸ்டி வந்தது. 40 லட்சம் ரூபாய் வரம்பை மாநில எல்லை தாண்டும் சிறு விற்பனைக்கும் ஜிஎஸ்டி கவுன்சில் நீட்டிக்க வேண்டும். தமிழ்நாடு அரசே அந்தக் கோரிக்கையை முதலில் எழுப்பலாம்.