10-ம் வகுப்பு சயின்ஸில் 25 மார்க் செய்முறைக்கு... ஆனா லேப் கதவு எப்போ திறக்குது?

ஆவடியில் ராணுவ டாங்க் தயாராகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 1960-களிலிருந்து லேத் ஓடிக்கொண்டிருக்கிறது. பூந்தமல்லி வழித்தடத்தில் டிரைவர் இல்லாத மெட்ரோ ரயிலின் சோதனை ஓட்டம் 2025-ல் நடந்தது. சென்னையின் மேற்குப் புறநகரே ஒரு பெரிய பிசிக்ஸ் லேப் மாதிரிதான். ஆனால் இதே ஏரியாவில் 10-ம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளையிடம், "கடைசியா எப்போ உன் கையால ஒரு சோதனை செஞ்சே?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வர கொஞ்சம் நேரம் ஆகலாம்.

ஏன் இப்படி?

மார்க் கணக்கு என்ன?

மாநிலப் பாடத்திட்டத்தில் 10-ம் வகுப்பு அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. பாஸ் ஆக எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் 15, மொத்தம் 35 வேண்டும்.

பேப்பரில் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். சிக்கல் நடைமுறையில் வருகிறது. செய்முறையில் 15 வராவிட்டால் பாஸே கிடையாது என்பதால், அதில் யாரையும் தவறவிட எந்தப் பள்ளியும் விரும்பாது. மார்க் எப்படியும் வந்துவிடும் என்றானதும், வருடம் முழுக்க லேப் பக்கம் போகவேண்டிய கட்டாயம் போய்விடுகிறது. பல இடங்களில் பொதுத்தேர்வுக்கு முந்தைய சில வாரங்களில்தான் லேப் சூடுபிடிக்கிறது.

எந்த வகுப்புக்கு என்ன இருக்கு?

* 6 முதல் 8 வரை: வானவில் மன்றம். 2022 நவம்பர் 28-ல் திருச்சியில் தொடங்கிய தமிழக அரசுத் திட்டம். கருத்தாளர்கள் சோதனைப் பொருட்களோடு அரசுப் பள்ளிகளுக்கே வந்து செய்து காட்டுகிறார்கள், மாணவர்களையும் செய்ய வைக்கிறார்கள்.

* 6 முதல் 12 வரை: அடல் டிங்கரிங் லேப். நிதி ஆயோக்கின் திட்டம். தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அடுத்த 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 லேப் என்று 2025-26 மத்திய பட்ஜெட் அறிவித்தது. ஆனால் தேர்வான பள்ளிகளுக்கு மட்டும்தான்.

* 11, 12: அறிவியல் குரூப் எடுத்தவர்களுக்கு ரெகுலர் லேப்.

நடுவில் இருப்பது யார்? 9-ம், 10-ம் வகுப்பு. டிங்கரிங் லேப் இல்லாத பள்ளியில் இந்த இரண்டு வருடமும் ஆசிரியரின் தனி ஆர்வத்தை நம்பியே ஓடுகிறது.

இந்த இரண்டு வருஷம் ஏன் முக்கியம்?

10-ம் வகுப்பு முடிந்ததும் சயின்ஸ் குரூப்பா, காமர்ஸா, பாலிடெக்னிக்கா, ஐ.டி.ஐ.யா என்று முடிவெடுக்க வேண்டும். ஒரு அம்மீட்டரைக்கூட இணைத்துப் பார்க்காத பிள்ளை, "எனக்கு பிசிக்ஸ் வராது" என்று முடிவு செய்தால் அது எதை வைத்து? பெரும்பாலும் மனப்பாடம் வரவில்லை என்பதை வைத்துத்தான். கை வேலையில் கெட்டிக்காரப் பிள்ளைகள் வடிகட்டப்படுவது இங்கேதான்.

இதை யாராவது மாற்றிக் காட்டியிருக்காங்களா?

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-ல் 16 பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. மாணவர்கள் குழுவாகச் சோதனை செய்து, தாங்களே முடிவுக்கு வரவேண்டும். பின்னர் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. அங்கே கருவிப்பெட்டி மட்டும் தரவில்லை. ஆசிரியர் பயிற்சியையும் மாற்றினார்கள், புத்தகத்தைப் பார்த்தே எழுதும்படி தேர்வையும் மாற்றினார்கள். 2002-ல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. ஆனாலும் பாடம் தெளிவு: தேர்வு மாறாமல் பொருட்களை மட்டும் வாங்கிக் கொடுத்தால், அவை பீரோவுக்குள்தான் இருக்கும்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. தனியார் பள்ளி என்றால் பேரன்ட்ஸ் மீட்டிங் இருக்கிறது. மார்க் பற்றிக் கேட்கும்போது இந்த மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்:

1. டைம்டேபிளில் வாரத்துக்கு எத்தனை லேப் பீரியட்?
2. ஒரு கருவியை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள்?
3. ரெக்கார்டு நோட் சோதனை செய்த பிறகு எழுதப்படுகிறதா, அல்லது பார்த்துக் காப்பி அடிக்கப்படுகிறதா?

அம்பத்தூர், ஆவடி பக்கம் லேத், வயரிங், வெல்டிங் தெரிந்த பெற்றோருக்குப் பஞ்சமில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களில் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்தாலே திருப்புத்திறனும் மின்தடையும் கதையாக இல்லாமல் கைக்கு வரும்.

வீட்டில் தொடங்க ஒரு பூதக்கண்ணாடி போதும். பகலில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் அருகே பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வெளியே தெரியும் மரமோ கட்டடமோ சுவரில் தலைகீழாக, தெளிவாக விழும் இடத்தில் நிறுத்தி, லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்தால், அதுதான் தோராயமான குவியத்தொலைவு. 10-ம் வகுப்பு செய்முறையில் இருக்கும் அதே சோதனை. பிம்பம் ஏன் தலைகீழா வருதுன்னு பிள்ளை கேட்டால், உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் அதுவே யோசிக்கட்டும்.