வாக்குக்கு ரசீது உண்டா?

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் பாட்டு மிகக் குறைவாக ஒலிக்கும் இரவு, போட்டியாளர் ஒருவரை வெளியேற்றும் 'எலிமினேஷன்' இரவுதான். குறைந்த வாக்கு பெற்ற மூவரை மேடையின் நடுவே நிறுத்துவார்கள். விளக்கொளி மங்கும், நெஞ்சு படபடப்பதுபோல் பின்னணி இசை எழும். தொகுப்பாளர் கையிலுள்ள உறையைப் பிரிப்பார். போட்டியாளரின் முகத்தைப் பார்ப்பார். பெயரைச் சொல்ல வாயெடுத்து, விளம்பர இடைவேளையை அறிவிப்பார். சோப்பும் சிமென்ட்டும் கைப்பேசியும் வந்துபோன பிறகே அந்தப் பெயர் நமக்குத் தெரியவரும். அதன்பின் தாயாரின் கண்ணீர், நடுவர்களின் வருத்தம், பழைய காட்சிகளின் தொகுப்பு, விடைபெறும் பாட்டு. நாடு தீர்ப்பளித்துவிட்டது என்ற அறிவிப்புடன் நிகழ்ச்சி முடியும்.

இந்தத் 'தீர்ப்பு' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. வணிகவியல் படித்துவிட்டு இருபது ஆண்டுகளாக வங்கியில் பிறர் பணத்துக்குக் கணக்கு எழுதி வருபவனுக்கு, எந்தத் தீர்ப்பையும் கேட்டவுடன் அதன் பின்னே உள்ள ஏட்டைப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. தேர்தலில் ஒருவருக்கு ஒரு வாக்கு. அதற்குக் கட்டணம் கிடையாது. யாருக்கு எத்தனை என்பது கடைசி எண் வரை ஊரறிய வெளியிடப்படும். பாட்டுப் போட்டியின் வாக்கெடுப்பு வேரூன்றிய காலத்தில் இம்மூன்றில் ஒன்றுகூட அதற்குப் பொருந்தவில்லை. ஒருவரே எத்தனை முறை வேண்டுமானாலும் வாக்களிக்கலாம், ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் காசு, எண்ணிக்கையோ இரகசியம். இதை வாக்கு என்று அழைப்பதைவிட விற்பனை என்று அழைப்பதே கணக்கியலுக்குப் பொருந்தும்.

தொடக்கத்தில் நம் நாட்டில் இப்படி இருக்கவில்லை. 1995இல் ஜீ தொலைக்காட்சியில் 'ச ரி க ம' தொடங்கியபோது, இளைஞராக இருந்த சோனு நிகம் தொகுத்து வழங்க, இசையறிந்த பெரியோர் அமர்ந்து மதிப்பெண் இட்டனர். சிறுமியாக இருந்த ஸ்ரேயா கோஷல் அந்த மேடையில்தான் முதலில் அடையாளம் காணப்பட்டார். தூர்தர்ஷனின் 'மேரி ஆவாஸ் சுனோ' போட்டியில் வென்ற சுநிதி சௌஹானும் அதே காலத்தவர். நடுவரின் செவி தவறலாம். நடுவருக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. ஆயினும் அங்கே மதிப்பிடப்பட்டது பாட்டு. 2001இல் பிரிட்டனில் பிறந்த 'பாப் ஐடல்' என்னும் வடிவம், 2004இல் 'இந்தியன் ஐடல்' ஆக சோனி தொலைக்காட்சிக்கு வந்தபோது முடிவெடுக்கும் அதிகாரம் நடுவரிடமிருந்து பார்வையாளரின் கட்டைவிரலுக்கு மாறியது. அடுத்த ஆண்டே 'ச ரி க ம ப'வும் அவ்வழிக்கு வந்தது. இன்று தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும் ஏறத்தாழ இதே அச்சுதான்.

அந்தக் கட்டைவிரலுக்கு விலை இருந்தது. சாதாரணக் குறுஞ்செய்தியைவிடப் போட்டிக்கு அனுப்பும் குறுஞ்செய்திக்குக் கூடுதல் கட்டணம். 'கோன் பனேகா குரோர்பதி' நிகழ்ச்சியின்போது பார்வையாளருக்கென நடத்தப்பட்ட குறுஞ்செய்திப் போட்டி பற்றிய வழக்கு ஒன்று நினைவிருக்கலாம். அதில் ஒரு செய்திக்கு 2.40 ரூபாய் வசூலிக்கப்பட்டது. பரிசுப் பணமே அந்தக் கட்டணத்திலிருந்துதான் வருகிறது, அதை மக்களுக்குச் சொல்லவில்லை என்பது புகார். தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008இல் ஒளிபரப்பு நிறுவனத்துக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் ஒரு கோடி ரூபாய் தண்டத்தொகை விதித்தது. போதிய சான்று இல்லையென்று உச்ச நீதிமன்றம் பின்னர் அவ்வாணையை நீக்கிவிட்டது. சட்டப்படி அத்துடன் அது முடிந்த விஷயம். நான் இங்கே குறித்துக்கொள்வது வேறொன்றை: பொழுதுபோக்காக நாம் அனுப்பிய ஒரு வரிச் செய்தி, யாரோ ஒருவரின் ஏட்டில் வரவாக எழுதப்பட்டு வந்திருக்கிறது.

அந்த வரவு எத்தனை பெரிது என்பதை 2007ஆம் ஆண்டு காட்டியது. 'இந்தியன் ஐடல்' மூன்றாம் பருவத்தின் இறுதிக்கு வந்த இருவரில் பிரசாந்த் தமாங் டார்ஜிலிங்கைச் சேர்ந்தவர். கொல்கத்தா காவல்துறையில் காவலர். மற்றவர் அமித் பால். மேகாலயாவின் ஷில்லாங்கைச் சேர்ந்த வங்காளி. மலைப்பகுதிகளின் குரலே நாட்டின் திரையில் அரிதாகக் கேட்ட காலம் அது. டார்ஜிலிங்கிலும் சிக்கிமிலும் ரசிகர் மன்றங்கள் முளைத்தன, நிதி திரட்டின, பொதுத் தொலைபேசிக் கடைகளில் இளைஞர்கள் கூட்டமாக அமர்ந்து இரவு முழுவதும் வாக்களித்தனர். செப்டம்பர் 23 அன்று தமாங் வென்றார். மொத்தம் ஏழு கோடி வாக்குகள் பதிவானதாக அந்நாளில் செய்தி வந்தது. ஒரு வாக்குக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட 21 கோடி ரூபாய். டார்ஜிலிங் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி அப்போது 60 ரூபாயை எட்டவில்லை. அந்த விலையில் இருபது வாக்கு என்றால் ஒரு நாள் கூலி.

இதைப் படித்துவிட்டு, ஏமாந்த சனங்கள் என்று எவரேனும் சிரித்தால் நான் உடன்படமாட்டேன். கொடுத்தவர்களுக்குத் தாம் எதற்குக் கொடுக்கிறோம் என்பது தெரிந்தே இருந்தது. கோயில் திருவிழாவுக்கு வரி கொடுப்பதுபோல், ஊரின் பெயர் நாடெங்கும் ஒலிக்கக் கொடுத்தார்கள். பழங்குடியினருக்கும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இடையே கசப்பு நிலவிய ஷில்லாங்கில், ஒரு வங்காளி இளைஞனுக்காகக் காசியரும் சேர்ந்து வாக்களித்தனர். அவரை அமைதிக்கும் மத நல்லிணக்கத்துக்கும் தூதராகவே மேகாலயா அரசு அறிவித்தது. எந்த அரசு விளம்பரமும் செய்திராத வேலை அது. மறுபுறம், தமாங்கின் வெற்றிக்குப் பின் பண்பலை வானொலி அறிவிப்பாளர் ஒருவர் கேலியாகப் பேசியது சிலிகுரியில் கலவரமாக வெடித்து, ஊரடங்கு வரை சென்றது. ரசிகர் இயக்கத்தில் முன்னின்ற பிமல் குருங் அடுத்த மாதமே கூர்க்கா ஜனமுக்தி மோர்ச்சாவைத் தொடங்கினார். வெறும் பாட்டுப் போட்டி என்று நாம் சொல்லிவிட்டுப் போகலாம். மலையில் இருந்தவர்கள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு 'ச ரி க ம ப' போட்டியில் அசாமின் சில்சரைச் சேர்ந்த தேபோஜித் சாஹா வென்றார். 2009இல் 'இந்தியன் ஐடல்' பட்டம் திரிபுராவின் சௌரபீ தேவ்வர்மாவுக்குப் போயிற்று. அப்பட்டத்தை வென்ற முதல் பெண் அவர். திரிபுராவின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 37 இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பல கோடி மக்கள் வாழும் மாநிலங்களின் போட்டியாளர்கள் தோற்று, சிறு மாநிலத்தவர் வெல்வது எனக்கு மகிழ்ச்சியே. அவர்களுடைய திறமையிலும் ஐயமில்லை. ஆனால் ஒருவர் பல வாக்கிடும் முறையில் ஆள் எண்ணிக்கை பொருட்டல்ல; ஊக்கமும் ஒழுங்கமைப்பும் கைக்காசுமே பொருட்டு. அப்படியானால் வெளியேற்றப்படும் பெண்ணை நோக்கி "நாட்டுக்கு உன் பாட்டுப் பிடிக்கவில்லை" என்ற பொருள்பட ஏன் பேசவேண்டும்? அவளுடைய ஊரில் நிதி திரட்ட மன்றம் இல்லாமல் இருந்திருக்கலாம். அவ்வளவுதான் அந்த உறைக்குள் இருந்த செய்தியாக இருக்கவும் கூடும்.

வெளியேற்றம் ஒன்றும் உலக முடிவு அல்ல என்பார்கள். 2005இல் 'ஃபேம் குருகுல்' போட்டியிலிருந்து ஆறாம் இடத்தில் வெளியேறிய அரிஜித் சிங் பிற்காலத்தில் எந்த உயரத்துக்குச் சென்றார் என்பதைச் சுட்டுவார்கள். 'இந்தியன் ஐடல்' இரண்டாம் பருவத்தில் வெளியேற்றப்பட்ட நேஹா கக்கர், அதே நிகழ்ச்சிக்கு நடுவராக வந்து அமர்ந்ததைச் சொல்வார்கள். உண்மைதான். எனினும் இலாபம் ஈட்டிய கணக்குகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கிளையின் நிலையை எவரும் எழுதுவதில்லை. அரிஜித் சிங் ஒருவர். அந்த மேடைகளிலிருந்து இறங்கி, ஊருக்குத் திரும்பி, திருமண வரவேற்புகளில் பாடிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று எழுதிவைத்த ஏடு எதுவுமில்லை. படிப்பை நிறுத்திவிட்டு மும்பைக்குப் போனவர்கள் அவர்களில் உண்டு. மேலும், அரிஜித் சிங்கை அன்று வெளியேற்றிய முறை சரியானது என்பதற்கு அவருடைய பிற்கால வெற்றி எப்படிச் சான்றாகும்? எனக்கு அது எதிர்ச்சான்றாகவே தோன்றுகிறது.

ஆகவே வாக்கெடுப்பே வேண்டாம் என்று சொல்கிறேனா என்றால், இல்லை. மக்களுக்குப் பிடித்த குரலை மக்களே தேர்ந்தெடுப்பதில் ஓர் அழகு உண்டு. நான் கேட்பது கணக்கு ஒன்றைத்தான். பிரிட்டனில் 2007இல் இப்படிக் கேட்டார்கள். கட்டணத் தொலைபேசி வாக்குகளில் நடந்த முறைகேடுகள் அவ்வாண்டு அங்கே பெரும் சர்ச்சையாயின. தொலைக்காட்சிப் பிரபலங்கள் பாடிய 'சோப்ஸ்டார் சூப்பர்ஸ்டார்' என்னும் போட்டியில், எந்தப் பாட்டைப் பாடவேண்டும் என்று மக்கள் காசு கொடுத்துச் செலுத்திய வாக்கைத் தயாரிப்புக் குழுவினர் புறக்கணித்தது வெளிவந்தது. அதையும் வேறு சில நிகழ்ச்சிகளில் நடந்தவற்றையும் சேர்த்து, ஐடிவி நிறுவனத்துக்கு ஆஃப்காம் என்னும் ஒழுங்குமுறை அமைப்பு 2008இல் 56 இலட்சத்து 75 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தது. கட்டண வாக்குகளைச் சுயேச்சையான மூன்றாம் தரப்பு சரிபார்க்க வேண்டும் என்பது ஒளிபரப்பு உரிமத்தின் நிபந்தனையாகவும் ஆயிற்று. அந்நாட்டின் 'எக்ஸ் ஃபேக்டர்' பருவம் முடிந்தவுடன் ஒவ்வொரு வாரமும் யார் எத்தனை விழுக்காடு பெற்றார் என்ற பட்டியலை வெளியிட்டு வந்தது. அதனால் நிகழ்ச்சியின் சுவை குறைந்ததாகத் தெரியவில்லை. பட்டியல் வந்த மறுநாளும் அதைப் பற்றியே பேசினார்கள்!

நம் துறையில் இதைவிடச் சிறிய தொகைக்கும் விதி இருக்கிறது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் பற்று வைக்கப்பட்டால், ஐந்து நாட்களுக்குள் அத்தொகையைத் திருப்பி வரவு வைக்கவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு ஈடு தரவேண்டும் என்பது 2019இல் ரிசர்வ் வங்கி இட்ட ஆணை. வாடிக்கையாளர் எழுதிக் கேட்கக்கூட வேண்டியதில்லை. இப்போது பாட்டுப் போட்டிக்கு வருவோம். "இந்த வாரம் யாரும் வெளியேறவில்லை" என்று தொகுப்பாளர் திடீரென அறிவிப்பார், அரங்கம் ஆர்ப்பரிக்கும். அந்த வாரம் விழுந்த வாக்குகள் என்னவாயின? அடுத்த வாரத்துக்கு முன்கொண்டுசெல்லப்பட்டனவா, கழிக்கப்பட்டனவா? வெளியேறியவர் சில வாரங்கள் கழித்து 'வைல்டு கார்டு' வழியாக மீண்டும் உள்ளே வரும்போது, அவரை வெளியே அனுப்பக் காரணமான வாக்குகளுக்கு என்ன மதிப்பு? வரைவோலையை வாங்கிவிட்டு வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும். வாக்கை யார் திருப்பித் தருவார்கள்?

இன்று குறுஞ்செய்தியின் காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. செயலியில் பதிவு செய்துகொண்டால் கட்டணமின்றி வாக்களிக்கலாம். இது முன்னேற்றம்தான், ஏழை ரசிகரின் கூலி மிஞ்சுகிறது. ஆனால் காசுக்குப் பதிலாகக் கைப்பேசி எண்ணையும் நம் பார்வை நேரத்தையும் கொடுக்கிறோம். ஒருவரே பல வாக்கிடுவதும் தொடர்கிறது. எண்ணிக்கை மட்டும் இன்னும் உறைக்குள்ளேயே இருக்கிறது.

வாக்களித்தோர் எத்தனை பேர், விழுந்த வாக்குகள் எத்தனை, ஒவ்வொருவருக்கும் கிடைத்தது எவ்வளவு, தணிக்கை செய்தவர் யார் என்ற விவரங்கள் அரைப்பக்கத்தில் அடங்கிவிடும். பருவம் முடிந்த பிறகு இணையத்தில் இட்டால் போதும். வாராவாரம் நிகழ்ச்சியின் விறுவிறுப்பைக் கெடுக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கும் மனம் வராவிட்டால், மேடையை விட்டு இறங்கும் போட்டியாளருக்கு மட்டுமாவது அவருடைய எண்களை எழுதிக் கொடுக்கலாம். கணக்கு வைத்திருப்பவருக்குத் தம் இருப்பை அறியும் உரிமை உண்டல்லவா? இருநூறு வாக்கில் தோற்றாளா, இரண்டு இலட்சத்தில் தோற்றாளா என்று தெரிந்தால், அடுத்த ஆண்டு மீண்டும் வரிசையில் நிற்பதா, விட்ட படிப்பைத் தொடர்வதா என்று அந்தப் பெண்ணும் அவள் வீட்டாரும் உட்கார்ந்து பேச முடியும்.