கண்ணுக்கும் ஒரு கவசம் வேண்டும்

ஏப்ரல் மாதத்தில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கோதுமை அறுவடை நடைபெறும்பொழுது, சாலைகளின்மீது பதரும் தூசியும் புகைபோலப் படர்கின்றன. அதனை அடுத்து மே, ஜூன் மாதங்களில் ‘லூ’ என்னும் வறண்ட வெப்பக் காற்று வட இந்தியச் சமவெளியெங்கும் வீசுகிறது. இப்பருவத்திலும் வேளாண்மை விரிவாக்க ஊழியரும், தடுப்பூசி போடச் செல்வோரும், தொலைவிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்களும் மோட்டார் சைக்கிளில் சென்றே தம் கடமையை ஆற்றுகின்றனர். அவர்களது தலைக்குக் கவசம் இன்றியமையாதது என்பதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தனது 129-ஆவது பிரிவில் விதித்துள்ளது. கண்ணுக்கோ அப்பிரிவு தனிக் காப்பு எதனையும் விதிக்கவில்லை. கண் காப்பு என்பது அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்ட அலங்காரப் பொருளன்று. அது தொழிற்கருவிகளுள் ஒன்று என்று கொள்ளுதலே முறையாகும்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்வது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் மோதும் அழுத்தம், 60 கிலோமீட்டர் வேகத்தில் இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. அவ்வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. கண்ணில் ஒரு சிறு வண்டு மோதி, ஓட்டுபவர் ஒரு வினாடி கண்ணை மூடிக்கொண்டாலும், அத்தனை தூரத்தையும் அவர் குருடராகவே கடந்தவராவார். எருமையோ, எதிரே வரும் டிராக்டரோ குறுக்கிடுவதற்கு அத்தூரம் போதும்.

காற்றின் வேகத்தினும் அதன் குழப்பம் மிகுந்த தொல்லை தருவது. வண்டியின் முன்னே காற்றுத் தடுப்பு ஒன்றைப் பொருத்திவிட்டால் தொல்லை தீரும் எனப் பலர் எண்ணுகின்றனர். தடுப்பின் மேல் விளிம்பை விட்டுப் பிரியும் காற்று, சுழல்களாக உடைந்து பின்னோக்கி வருகிறது. ஓட்டுபவரின் தலை அச்சுழல்களின் நடுவே அமைந்துவிடின், தலைக்கவசம் ஓயாது அதிரும், பார்வை நிலைகொள்ளாது, கழுத்தும் சோரும். அத்தகைய தடுப்பினும், மார்பளவில் நிற்கும் தாழ்ந்த தடுப்பே பல வேளைகளில் நன்மை தரும். தலை சீரான காற்றில் இருப்பின் ஓசையும் அதிர்வும் குறையக் காணலாம்.

இவ்வுண்மையை ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே எளிதாக விளக்கலாம். எரியும் மெழுகுவர்த்தி ஒன்றின் முன் தட்டையான அட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, அட்டையின் மறுபுறமிருந்து ஊதச் செய்தால், சுடர் எதிர்ப்புறம் சாயாமல் அட்டையை நோக்கியே சாய்வதை மாணவர் காண்பர். சாதாரண மூக்குக் கண்ணாடியின் பின்னும் இதுவே நிகழ்கிறது. பக்கவாட்டில் புகும் காற்று கண்ணாடியின் பின்னே சுழன்று, தூசியைக் கண்ணுக்கே கொண்டு சேர்க்கிறது. ஆகையால், பார்வைக்காகக் கண்ணாடி அணிபவரும், தமக்குத் தனிக் காப்பு வேண்டியதில்லை என்று கருதுதல் பிழை. முகத்தை முழுதும் மூடும் ஹெல்மெட்டின் முகத்திரையோ, முகத்தோடு படிந்து பக்கங்களையும் அடைக்கும் காப்புக் கண்ணாடியோதான் பயன் தரும். அதுவும் உடைந்து சிதறும் கண்ணாடியால் ஆகாமல், மோதலைத் தாங்கும் பாலிகார்பனேட்டால் ஆனதாக இருத்தல் வேண்டும்.

கண்ணில் விழும் துரும்பு அற்பமானதென்று இகழத்தக்கதன்று. பதர், வைக்கோல் போன்ற தாவரப் பொருள்களால் கருவிழியில் ஏற்படும் சிறு கீறலின் வழியே பூஞ்சைக் கிருமிகள் புகுந்து புண்ணை விளைவிப்பது இந்தியக் கிராமங்களில் கண் மருத்துவர்கள் அடிக்கடி காணும் நோயாகும். அது பார்வையையே பறித்துவிடவும் கூடும். கண்ணைக் கசக்குவதும், துணி நுனியால் துடைப்பதும், பாலோ எண்ணெயோ விடுவதும் தீங்கையே பெருக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து, பூஞ்சைப் புண்ணை மேலும் வளரச் செய்யும். தூய நீரால் கழுவி, உறுத்தல் நீங்காவிடில் தாமதமின்றிக் கண் மருத்துவரை அணுகுவதே தக்கது.

முகத்திரை புழுங்குகிறது, மழையில் மங்குகிறது, விரைவில் கீறல் விழுகிறது என்னும் குறைகள் பொய்யானவை அல்ல. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றிற்குப் பரிகாரம் உண்டு. காற்றுப் புழை உள்ள ஹெல்மெட்டைத் தேர்ந்து கொள்ளலாம். தூசி படிந்த திரையை உலர்ந்த துணியால் தேய்க்காமல் முதலில் நீரால் கழுவினால் கீறல் குறையும். கீறல் மிகுந்த திரை எதிர்வரும் விளக்கொளியைச் சிதறடிக்குமாதலால், அதனை மாற்றிவிடுதல் நன்று. கறுப்புத் திரையைப் பகலில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். அந்தி சாய்ந்தபின் அதுவே ஆபத்தாகும்.

மழைக்காலத்தில் ஊழியருக்கு மழைக்கோட்டு வழங்குவது நியாயமெனக் கருதும் அலுவலகங்கள், கண் காப்பையும் அவ்வாறே கருதுதல் வேண்டும். நனைந்த உடல் ஒரு நாளில் உலர்ந்துவிடும். கருவிழியில் தழும்பு படிந்தபின் இழந்த பார்வையோ எளிதில் மீள்வதன்று. வயலின் பூச்சியையும், குழந்தையின் நோய்க்குறியையும், மாணவனின் ஏட்டையும் கண்டறிவது ஊழியரின் கண்ணே. அக்கண்ணுக்குச் செய்யும் செலவு, அவர் ஆற்றும் பணிக்கே செய்யும் செலவாகும்.