இல்லை என்பது எதை?

லினக்ஸ் கணினியில் ஸ்டீம்சிஎம்டியை நிறுவ முற்படும் மாணவர் பலர் ஒரே இடத்தில் தடுக்கி விழுகின்றனர். வால்வ் நிறுவனத்தின் இக்கருவி, விளையாட்டு சர்வர்களுக்கு வேண்டிய கோப்புகளைக் கட்டளை வரியிலேயே தரவிறக்கித் தருவது. பொதியைப் பிரித்து இயக்கியதும் திரையில் தோன்றுவது, லினக்ஸ்32 அடைவிலுள்ள ஸ்டீம்சிஎம்டி நிரலின் பெயர்; அதையடுத்து, 'அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை' என்னும் செய்தி.

மாணவர் அடைவைத் திறந்து பார்க்கிறார். கோப்பு அங்கேதான் இருக்கிறது. மீண்டும் தரவிறக்குகிறார், மீண்டும் அதே வரி.

கணினி பொய் சொல்லவில்லை, எழுவாயை மறைத்துவிட்டது. ஸ்டீம்சிஎம்டி 32 பிட் நிரல். அதை நினைவகத்தில் ஏற்றுவதற்கு லோடர் எனப்படும் 32 பிட் ஏற்றி வேண்டும். 64 பிட் டெபியனிலும் உபுண்டுவிலும் அது பெரும்பாலும் முன்கூட்டியே இருப்பதில்லை. கெர்னல் தேடிக் காணாதது அந்த ஏற்றியைத்தான். ஆனால் அது திருப்பித் தருவது வெறும் பிழை எண். எது இல்லை என்று சொல்ல அதில் இடமில்லை. அவ்வெண்ணைச் சொற்றொடராக்கும் ஷெல், தன்னிடமுள்ள பெயரை, அதாவது இயக்கச் சொன்ன கோப்பின் பெயரை, முன்னால் ஒட்டிவிடுகிறது. 'வந்தேன்' என்பதன் தோன்றா எழுவாயை விகுதி காட்டிக்கொடுக்கும். இங்கோ சூழலே தவறான எழுவாயை எடுத்து நீட்டுகிறது.

தீர்வு எளிது. லிப்32ஜிசிசி-எஸ்1 என்னும் தொகுப்பை நிறுவினால் ஏற்றியும் உடன் வந்துவிடும். வழிகாட்டிக் குறிப்புகள் பல இந்த வரியை ஒட்டச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன, காரணம் கூறுவதில்லை. பழைய டெபியன் பதிப்புகளில் இதன் பெயர் லிப்32ஜிசிசி1. பெயர் மாறியதும் பழைய குறிப்புகள் பயனற்றுப்போயின. காரணம் அறிந்தவர் புதிய பெயரைத் தேடிக்கொள்வார். அறியாதவர் எல்லாவற்றின் முன்னும் சூடோ சேர்த்துப் பார்ப்பார். அயலார் வந்து இணையும் சர்வரை ரூட் அதிகாரத்தில் ஓடவிடும் வழக்கம் இப்படியும் தொடங்குகிறது. தனிப் பயனர் கணக்கு உருவாக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இதைத் தொடக்கநிலையாளரின் கவனக்குறைவு என்று தள்ளுவது நியாயமன்று. அவர் எழுதியிருந்ததைச் சரியாகவே வாசித்தார். 2022இல் வெளிவந்த பேஷ் 5.2 அதற்குச் சான்று. கோப்பு இருந்தும் இயங்காதபோது அது, 'இயக்க இயலவில்லை: தேவையான கோப்பு காணப்படவில்லை' என்கிறது. 'தேவையான' என்ற ஓர் அடைமொழியால் வாசிப்பவரின் பார்வை வேறு கோப்பின் பக்கம் திரும்பிவிடுகிறது. (அது எந்தக் கோப்பு என்பதை இன்னமும் சொல்வதில்லை, அது வேறு வருத்தம்.) ஸ்டீம்சிஎம்டியே வேறோரிடத்தில் தெளிவாகப் பேசுகிறது. நிறுவும் அடைவைக் குறிக்கும் கட்டளையை உள்நுழைந்தபின் தந்தால், அதை உள்நுழைவுக்கு முன்னரே தருமாறு நேரடியாகக் கேட்கிறது. மனிதர் வாசிக்கப்போகிறார் என்று நினைத்து எழுதிய வரி அது.

விடுபட்ட எழுவாயை மீட்கவும் வழியுண்டு. 'ஃபைல்' என்னும் சிறு கட்டளையை அந்நிரலின்மேல் இட்டால், அது 32 பிட் நிரல் என்பதும், எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2 என்னும் ஏற்றியை அது கேட்கிறது என்பதும் ஒரே விடையில் வந்துவிடும். ஆய்வக வகுப்பில், ஒட்டவேண்டிய வரியைத் தருமுன் இதை இயக்கிக் காட்ட ஐந்து நிமிடம் போதும்.