கைபேசிக் குழுக்களும் விவசாயப் போதனையும்

கடலூர் ஜில்லா பண்ருட்டி தாலூகாவிலுள்ள காடாம்புலியூர்ச் சுற்றுவட்டாரம் முந்திரிக்கும் பலாவுக்கும் பேர்போனதென்பது யாவரும் அறிந்ததே. நெய்வேலிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் செம்மண் கொல்லைகளில் இவ்விரு மரங்களுமே மிகுதியாகக் காணப்படுகின்றன. இக்காலத்தில் இங்குள்ள கொல்லையில் ஒரு கொப்பு வாடினால், அதன் படம் கைபேசி வழியாக அரை நாழிகைக்குள் நூறு பேர் பார்வைக்கு வந்துவிடக்கூடும். இது நன்மையே. ஆயினும், படம் வந்தவுடன் போதனையும் வந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது பெருந்தவறாகும். அவ்வெண்ணத்தால் மரத்துக்கும் பணத்துக்கும், சில சமயம் மனிதருக்குமே கேடு விளைய இடமுண்டு.

தூரத்திலிருந்து விவசாயம் போதிக்கும் முயற்சி நமது தேசத்திற்குப் புதிதன்று. 1956-ல் அகில இந்திய வானொலி, யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் உதவியுடன் பூனா நகரைச் சூழ்ந்த ஐந்து ஜில்லாக்களில் ஏறக்குறைய 150 கிராமங்களில் ஒரு பரீட்சை நடத்தியது. ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு சங்கம் கூடும். வாரம் இருமுறை அரைமணி நேரம் வானொலியைக் கேட்கும். கேட்டபின் கலைந்துவிடாமல், கேட்டவற்றைப் பற்றி விவாதித்துச் சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதியனுப்பும். வானொலி மாத்திரம் இருந்து சங்கம் இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டபோது, சங்கம் கூடிய கிராமத்தாரின் அறிவு வெகுவாக விருத்தியடைந்திருந்தது. கருவி ஒன்றேதான், கூடிப் பேசியதே வித்தியாசம். 1960-களில் தஞ்சை ஜில்லாவில் ஆடுதுறை 27 என்னும் நெல், வானொலிப் பிரசாரத்தால் பரவி, ஜனங்கள் வாயில் ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் பெற்றது.

நமக்கு அடுத்துள்ள புதுச்சேரியிலோ 1998-ல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வில்லியனூரைத் தலைமையாக வைத்துக் கிராம அறிவு மையங்களை ஏற்படுத்தினார்கள். வீராம்பட்டினத்தில் கடலலையின் உயரத்தைக் கணினியில் பார்த்து, ஒலிபெருக்கியில் மீனவருக்கு அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, சிங்கப்பூரிலிருந்த ஒருவர் நல்லவாடு கிராமத்துக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை சொல்ல, அது உடனே மையத்தின் ஒலிபெருக்கியில் முழங்கி, ஊரார் உயிர் தப்பினார்கள். கணினியை நேரில் பார்த்தவர் ஓரிருவரே. செய்தியைக் கேட்டவரோ ஊர் முழுவதும்.

இப்போதைய குழுக்களை எடுத்துக்கொள்வோம். படத்தைக் கொண்டு நிச்சயிக்கத்தக்கவை சில உண்டு. 2018 மே மாதத்தில் கர்நாடகத்துச் சிவமொக்காவில் முதன்முதல் கண்டறியப்பட்டுப் பின் தமிழ்நாட்டிலும் மக்காச்சோளத்தை அழித்த படைப்புழுவின் தலையில் ஆங்கில ‘ஒய்’ எழுத்தைத் தலைகீழாக நிறுத்தினாற்போன்ற வெண்கோடும், வால்புறத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும். இவை தெளிவாகத் தெரியும்படி புழுவை எடுத்த படம் ஒன்று போதும். இலையில் விழுந்த ஓட்டையை மட்டும் பத்து படம் எடுத்தனுப்பினால் பிரயோஜனமில்லை.

முந்திரியிலோ விஷயம் வேறு. மரத்தின் தழை மஞ்சளித்து உதிர்கிறதென்று உச்சிக் கிளையைப் படமெடுத்து அனுப்பினால், குழுவிலுள்ளோர் உரம் போதாதென்பர், தண்ணீர் போதாதென்பர். அடிமரத்தில் மண்ணை விலக்கிப் பார்த்தால் அங்கே பிசின் வடிந்து, துளையினின்று மரத்தூளும் புழுவின் கழிவும் வெளிப்பட்டிருக்கக்கூடும். அது தண்டு, வேர்த் துளைப்பானின் வேலை. அந்த மரத்துக்கு இலையில் தெளிக்கும் மருந்து எதற்கு? துளிரும் பூங்கொத்தும் கருகுவது தேயிலைக் கொசுவினாலா, பூசண நோயினாலா என்பதும் தூரத்துப் படத்தில் எளிதில் தெரிவதில்லை. பலாவில் இதைவிட வேடிக்கையுண்டு. ஆண் பூங்கொத்துகள் மகரந்தம் சிந்தியபின் கறுத்துப் பூசணம் பூத்து உதிர்வது இயற்கை. அதைப் பிஞ்சழுகலென்று கருதிப் படமனுப்பி, யாரோ சொல்லும் மருந்தை வாங்கித் தெளிப்பது வீண் செலவு. உதிர்ந்தவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்தினால் மெய்யான பிஞ்சுகளுக்கு அந்தப் பூசணம் பரவுவது குறையும். அதற்குக் கூலி தவிர வேறு செலவில்லை.

கையால் செய்யும் தொழிலைக் காட்டுவதில் சலனப்படத்துக்கு நிகர் எதுவுமில்லை. 2011 டிசம்பர் 30-ந் தேதி ‘தானே’ புயல் இப்பகுதியின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபின், ஒட்டுக் கன்றின் அருமையை அறியாதார் இலர். இளந்தண்டு ஒட்டில் ஆப்புப்போல் குச்சியைச் சீவுவதும், பிளவில் பட்டையோடு பட்டை பொருந்தச் செருகுவதும், பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுவதும் பத்துப் பக்கம் எழுதினாலும் விளங்கா. ஐந்து நிமிஷப் படத்தில் விளங்கும். நட்டபின் ஒட்டுக்குக் கீழே கிளைக்கும் தளிர்களைக் கிள்ளியெறிவதும் அவ்வாறே. இத்தகைய படத்தை விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சி பெற்ற உள்ளூர்க் குடியானவர் ஒருவரே தம் கொல்லையில் நின்று செய்து காட்டினால், மற்றவர் நம்பிக்கை இரட்டிக்கும்.

இனி அபாயத்தைச் சொல்ல வேண்டும். குழுவில் வரும் செய்திக்குத் தேதியில்லை, ஊரில்லை, சொன்னவர் பேரில்லை. ஒரு காலத்தில் முந்திரிக்குத் தெளிக்கப்பட்டுவந்த எண்டோசல்பானைச் சுப்ரீம் கோர்ட்டார் 2011 மே மாதத்தில் தடுத்துவிட்டனர். அதற்கு முன் அச்சான துண்டுப் பிரசுரத்தை ஒருவர் படமெடுத்து இன்று அனுப்பினால், படிப்பவருக்கு அது நேற்று வந்த யோசனை போலவே தோன்றும். மருந்து விற்பவர் குழுவில் சேர்ந்திருப்பதும் குற்றமன்று. அவர் விற்பனையாளரென்று எல்லாரும் அறிந்திருக்க வேண்டும், அவ்வளவே. ஆராயாமல் அனுப்பும் பழக்கம் எவ்வளவு கொடியதென்பதற்கு 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை ஜில்லாவில் நடந்த கோரம் சான்று. பிள்ளை பிடிப்போர் வந்துள்ளனரென்ற வதந்தியை நம்பி, குலதெய்வத்தைக் கும்பிட வந்த மூதாட்டி ஒருவரை அடித்துக் கொன்றார்கள். அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனியார் நமது தேசத்தில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்பவொட்டாமல் வரம்பு கட்டினர். அதிகாலையில் வந்து குவியும் பூப்படங்களுக்கு வரம்பு கட்டுவாரைத்தான் இன்னும் காணோம்! அவற்றுக்கடியில் மழை அறிவிப்பு புதைந்துபோகிறது.

குழுவில் இல்லாதவர் யாரென்பதும் யோசிக்கத்தக்கது. கைபேசி பெரும்பாலும் நிலத்துக்குடையவரிடம் இருக்கிறது; அவரோ நெய்வேலியில் ஷிப்டு வேலையிலோ வெளியூரிலோ இருக்கலாம். கொட்டை பொறுக்குவதும் களையெடுப்பதும் வீட்டிலுள்ள பெண்மக்களும் கூலியாட்களும்; பூச்சியை முதலில் காண்பதும் அவர்களே. குத்தகைதாரர் பெயர் பட்டாவில் இல்லை, பல இடங்களில் குழுவிலும் இல்லை. ஆகவே, முக்கியமான செய்தியை எழுத்தில் மட்டுமன்றிக் குரலிலும் பதிந்து அனுப்புவதும், ஊராட்சி ஒலிபெருக்கியில் வாசிப்பதும், கிராம நிர்வாக அலுவலகத்துப் பலகையில் எழுதி வைப்பதும் அவசியம்.

இவற்றைச் செய்யப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. குழுவுக்குப் பொறுப்பாளியாக ஒரு முன்னோடி விவசாயியும், தவறான யோசனையைத் திருத்த உதவி விவசாய அதிகாரியும் இருக்கட்டும். படம் அனுப்புவோர் முழு மரம், அடிமரம், நோய் கண்ட உறுப்பு என மூன்று படங்களுடன் தேதியையும், மரத்தின் வயதையும், முன்பு தெளித்த மருந்தையும் சேர்த்தனுப்பட்டும். மருந்தின் அளவு சொல்பவர் தம் பேரையும் ஆதாரத்தையும் சொல்லட்டும். சந்தேகமிருப்பின் 2004 முதல் நடந்துவரும் கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே விசாரிக்கலாம். சர்க்கார் 2018-ல் வெளியிட்ட ‘உழவன்’ செயலியிலும் பார்க்கலாம். மாதம் ஒருமுறையேனும் குழுவினர் ஒரு கொல்லையில் நேரில் கூடி, கைபேசியில் பார்த்ததை மரத்தில் பார்க்க வேண்டும். முந்திரி துளிர்விடும் பருவத்துக்கு முன்னதாகவே இக்கூட்டங்களைத் தொடங்கிவிடுவது உசிதம். தேயிலைக் கொசு துளிரில் தோன்றும்போதே கண்டுகொண்டால், பூவும் பிஞ்சும் கருகும் வரை காத்திருக்க நேராது.